சீன மாணவர்களுக்கு 'டேக்' என்ற ஒற்றைச் சொல்லை எப்படிச் சொல்லித் தருவது?

வாசல்படி (கேள்வி)

வணக்கம். சீனாவில் நடுநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு, அதாவது 12 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு, இணையவழியில் ஆங்கில வகுப்பு எடுப்பவர்களிடம் ஒரு கேள்வி. சீனச் சொற்களை ஏறத்தாழத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

சிக்கல் 'டேக்' (take) என்ற ஆங்கிலச் சொல்லில். பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும். பொருள் கேட்டால் உடனே 'நா' என்பார்கள். கையால் எடுப்பதைக் குறிக்கும் சீன வினை அது. ஆனால் எழுதச் சொன்னால் 'டேக்' வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்து உட்காருகிறது. மருந்துக்கு 'ஈட் மெடிசின்'. பஸ்ஸுக்கு 'சிட் பஸ்'. பரீட்சைக்கு 'ஜாயின் த எக்ஸாம்'. வீட்டுப்பாடத்துக்கு ஆன நேரத்துக்கு 'ஐ காஸ்ட் டூ அவர்ஸ்'. நண்பனை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டதற்கு 'ஐ சென்ட் மை ஃப்ரெண்ட் டு த ஏர்போர்ட்'.

அகராதியைப் பார்த்து 22 பொருள்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு கொடுத்தாயிற்று. மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள், கட்டுரையில் அதே பிழைகள். எந்தப் பொருளில் தொடங்குவது, எந்த வரிசையில் போவது, சீன மொழி வழியாக விளக்கினால் பயன் உண்டா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

செம்மண்

முதலில் அந்த 22 பொருள் பட்டியலை ஒதுக்கி வையுங்கள். அது படிக்கும்போது உதவும், எழுதும்போது உதவாது. காரணம் எளிது. பிள்ளை எழுத உட்காரும்போது மனத்தில் 'டேக்' இருப்பதில்லை. 'ச்சி யாவ்' என்ற சீனத் தொடர் இருக்கிறது. 'ச்சி' என்றால் சாப்பிடு, 'யாவ்' என்றால் மருந்து. அதை அப்படியே பெயர்த்தால் 'ஈட் மெடிசின்'தான் வரும். பிழை பிறக்கும் இடம் சீன வினை. உங்கள் பட்டியலோ 'டேக்'கில் தொடங்கிச் சீனத்துக்குப் போகிறது. பிள்ளை எதிர்த்திசையில் நடந்து வருகிறான், இரண்டும் சந்திப்பதே இல்லை.

எனவே சீன வினையில் தொடங்குங்கள். பாடத்தின் தலைப்பு 'டேக்' என்று இருக்க வேண்டியதில்லை. 'ச்சி எப்போது ஈட் ஆகாது?' என்று இருக்கட்டும். பிள்ளை மனத்தில் ஒட்ட வேண்டியது 'டேக்' அல்ல, அதற்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல். மெடிசின் என்றால் டேக். பஸ் என்றால் டேக். எக்ஸாம் என்றால் டேக். பெயர்ச்சொல்தான் வினையைக் கூட்டி வரும்.

ஒவ்வொன்றாக:

மருந்து. மாத்திரைக்குச் சீனத்தில் 'ச்சி', கஷாயத்துக்கு 'ஹ', அதாவது குடி. ஆனால் மருந்துப் பெட்டியின் மேல் அச்சாகியிருப்பது மூன்றாவது ஒரு சொல்: 'ஃபூ'. மருந்து உட்கொள்வதற்கான ஏட்டு வழக்கு அது. பிள்ளைகள் எல்லாரும் அந்த எழுத்தைப் பார்த்திருப்பார்கள். 'டேக்' என்பதை 'ஃபூ'வோடு கட்டிவிடுங்கள், 'ஈட்' தானாக உதிரும். கூடவே ஒரு வேலை செய்யலாம். சீனப் பெட்டியில் 'ஒரு நாளைக்கு 3 தடவை, ஒரு தடவைக்கு 2 மாத்திரை' என்ற வரிசையில் இருக்கும். ஆங்கிலத்தில் வரிசை தலைகீழ்: 'டேக் டூ டேப்லெட்ஸ் த்ரீ டைம்ஸ் எ டே'. முதலில் அளவு, பிறகு தடவை. பெட்டிப் படத்தைத் திரையில் காட்டி மூன்று மருந்துகளுக்கு மாற்றி எழுதச் சொல்லுங்கள். வினையும் வரிசையும் ஒரே மூச்சில் படிந்துவிடும்.

வண்டி. சீனத்தில் 'த்ஸுவோ', அதாவது உட்கார். அதிலிருந்துதான் 'சிட் பஸ்'. இதைத் திருத்தியதும் அடுத்த பிழை வரும்: 'டேக் பஸ்'. சீனத்தில் 'எ', 'த' போன்ற சார்புச் சொற்கள் இல்லாததால் விழுந்துவிடும். அதைத் திருத்தினால் மூன்றாவது வரும்: 'கோ பை எ பஸ்'. ஆகவே இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். 'டேக் த பஸ்' என்றால் 'த' உண்டு. 'பை பஸ்' என்றால் இல்லை. 'ஐ டேக் பை பஸ்' என்று இரண்டையும் ஒட்டுவதும் நடக்கும், அதையும் முன்கூட்டியே பலகையில் எழுதி அடித்துவிடுங்கள். சைக்கிளுக்கு 'ரைடு', சொந்தக் காரை ஓட்டினால் 'டிரைவ்'. நல்லவேளையாகச் சீனத்திலும் இவற்றுக்குத் தனி வினைகள்: சைக்கிளுக்கு 'ச்சீ', காருக்கு 'காய்'. அதனால் இந்த எல்லை சீக்கிரம் புரியும்.

புகைப்படம். 'டேக் எ ஃபோட்டோ' சின்ன வகுப்பிலேயே வந்துவிடும், வினையில் பிழை இருக்காது. பின்னால் வரும் இடைச்சொல்லில் இருக்கும். 'என்னைப் படம் எடு' என்பதைச் சீனத்தில் 'எனக்காகப் படம் எடு' என்ற அமைப்பில் சொல்வார்கள். அதனால் 'டேக் எ ஃபோட்டோ ஃபார் மி'. படத்தில் இருப்பவர் யார் என்பதற்கு 'ஆஃப்' (of) என்று பிரித்துக் காட்டுங்கள்.

குளியல். 'ஷீத்ஸாவ்' என்பதில் 'ஷீ' என்றால் கழுவு. 'வாஷ் எ பாத்' என்று எழுதுவார்கள். 'டேக் எ ஷவர்' என்று ஒரே துண்டாகக் கொடுத்தால் போதும்.

உடல் வெப்பம். சீனத்தில் 'அளவிடு' என்ற வினை. பிள்ளை 'மெஷர் மை டெம்பரேச்சர்' என்று எழுதினால் விட்டுவிடுங்கள், அது பிழை அல்ல. எல்லா இடத்திலும் 'டேக்'கைத் திணித்தால் அப்புறம் 'டேக் ஹோம்வொர்க்' என்று எழுதத் தொடங்குவார்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் பெரிய ஆபத்து. அட்டைகள் செய்யும்போது முன்பக்கம் சீனத் தொடர், பின்பக்கம் முழு ஆங்கிலத் தொடர், 'எ', 'த' உட்பட. 12 அட்டை என்றால் அதில் 4 அட்டை 'டேக்' வராதவையாக இருக்க வேண்டும்: ரைடு எ பைக், வாஷ் மை ஹேண்ட்ஸ், ஈட் லஞ்ச், டூ மை ஹோம்வொர்க். இந்த நான்கும் இல்லாவிட்டால் பிள்ளை யோசிக்காமலே எல்லாவற்றுக்கும் 'டேக்' போட்டு முழு மதிப்பெண் வாங்கிவிடுவான், ஒன்றும் கற்றிருக்க மாட்டான்.

---

நீரோடை

செம்மண் சொன்னதோட ஒத்துப்போறேன். ஒரு சின்ன விஷயம், கேள்வியிலயே இருக்கு. 'வகுப்பு எடுப்பவர்கள்'னு எழுதியிருக்கீங்க. தமிழ்ல வகுப்பு எடுக்கிறது ஆசிரியர். ஆங்கிலத்துல 'டேக் எ கிளாஸ்' பண்றது மாணவர். மாணவர்கிட்ட 'ஐ டேக் கிளாஸ் ஆன் மண்டே'ன்னு சொன்னா, நீங்க திங்கட்கிழமை எங்கேயோ படிக்கப் போறீங்கன்னு பொருள். சீனத்துல இதுக்கு 'ஷாங் க'ன்னு ஒரே தொடர்தான், ஆசிரியருக்கும் அதே, மாணவருக்கும் அதே. அதனால பிள்ளைக்கு இது பிழைன்னே தெரியாது, உங்ககிட்டேருந்து அப்படியே எடுத்துக்கும். பரீட்சையும் அதே மாதிரி. நாம 'எழுது'ன்னு சொல்லிச் சொல்லி 'ரைட் தி எக்ஸாம்'னு வாயில வந்துடும். பிள்ளைக்கு வர்றது 'த்ஸான்ஜியா', அதாவது கலந்துகொள். அதனாலதான் 'ஜாயின்'. ரெண்டுக்கும் நடுவுல 'டேக் அன் எக்ஸாம்'. பலகையில எழுதறதுக்கு முன்னாடி நம்ம தமிழையும் ஒரு தடவை சரிபார்த்துக்கணும்.

அந்த 'த்ஸான்ஜியா' இன்னும் மூணு இடத்துல வரும். சங்கத்துல சேர்றதுக்கும் அதேதான், கூட்டத்துக்குப் போறதுக்கும் அதேதான், போட்டியில கலந்துக்கறதுக்கும் அதேதான். ஆங்கிலத்துல அது ஜாயின், அட்டெண்ட், டேக் பார்ட் இன். ஆளா உள்ள போய் உறுப்பினர் ஆனா ஜாயின். போய் உட்கார்ந்தா அட்டெண்ட். இறங்கி ஏதாவது செஞ்சா டேக் பார்ட் இன். கடைசி 'இன்' விழுந்துடும், கவனிங்க.

அப்புறம் 'சென்ட் மை ஃப்ரெண்ட்'. இதுக்குக் காரணம் 'ஸோங்'. அன்பளிப்பு கொடுத்தாலும் ஸோங், பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஸோங், ஆளைக் கூட்டிட்டுப் போய் விட்டாலும் ஸோங். நடுவுல உள்ளதைப் பார்த்துட்டு 'சென்ட்'னு போட்டுடறாங்க. ஆங்கிலத்துல 'சென்ட்'னா அனுப்பறவர் கூடப் போறதில்லை. 'ஐ சென்ட் மை சன் டு ஸ்கூல்'னா பையனைப் படிக்க வைக்கிறேன்னுதான் அர்த்தம், தினமும் காலையில கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறது 'டேக்'. ஒரே கேள்வி சொல்லிக் கொடுங்க: 'நீ கூடப் போனியா?' போனா டேக், போகலைன்னா சென்ட். வேற விதி தேவையே இல்லை.

பிரிங், டேக் குழப்பத்துக்கு வர்றேன். இதுக்குத் தமிழ் தெரிஞ்சவங்க கொடுத்து வெச்சவங்க. சீனத்துல 'தாய்'னு ஒரு வினை, கூட எடுத்துக்கிட்டுங்கற பொருள். ஒலியும் நம்ம தாய் மாதிரியேதான், குரல் மட்டும் மேலேருந்து கீழே விழும். அது தனியா நின்னா திசை கிடையாது. பின்னாடி 'லாய்' சேர்ந்தா கொண்டு வா, 'ச்சூ' சேர்ந்தா கொண்டு போ. நம்ம 'கொண்டு வா, கொண்டு போ' அமைப்பு அச்சு அசலா இதுதான்! ஆங்கிலம் மட்டும்தான் திசையை வினைக்குள்ளயே அடைச்சு ரெண்டு தனிச் சொல்லா வெச்சிருக்கு. பிள்ளை அகராதியில 'பிரிங்'னு பார்த்தாலும் தாய், 'டேக்'னு பார்த்தாலும் தாய். பின்னாடி வர்ற லாய், ச்சூ பார்க்காம ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுடும்.

ஆனா ஒரு இடத்துல சீனம் விலகும். போன்ல பேசறோம், 'உங்க வீட்டுக்குப் பழம் கொண்டு வர்றேன்'. தமிழ்ல கேட்கறவரை நோக்கிப் போனாலும் 'வா'தான், ஆங்கிலத்துலயும் 'பிரிங்'தான். சீனத்துல பெரும்பாலும் பேசறவர் நிக்கற இடத்தை வெச்சுக் கணக்கு, அதனால 'போ' பக்கம் சாயும். பிள்ளை 'ஐ வில் டேக் சம் ஃப்ரூட் டு யூ'ன்னு எழுதுவது இதனாலதான். திரையில ரெண்டு குச்சி மனுசங்களை வரைஞ்சு, ஒருத்தருக்கு நான், இன்னொருத்தருக்கு நீ. அம்புக்குறி ரெண்டு பேர்ல யாரை நோக்கி வந்தாலும் பிரிங், ரெண்டு பேரையும் விட்டு மூணாவது இடத்துக்குப் போனா டேக். பத்து அம்பு போட்டா பிடிபட்டுடும்.

---

கணக்கன்

நேரம், பணம் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை. சீனப் பள்ளிகளில் இதற்குத் தனியாகவே ஒரு பாடம் உண்டு. ஸ்பெண்ட், காஸ்ட், டேக், பே என்ற நான்கையும் ஒன்றாக வைத்து நடத்துவார்கள். காரணம், சீனத்தில் 'ஹுவா' என்ற ஒரே வினை. பூ என்பதற்கான எழுத்தும் அதுதான். நேரம் செலவழித்தாலும் ஹுவா, காசு செலவழித்தாலும் ஹுவா.

பிள்ளைக்கு நான்கு சொல்லின் பொருளும் தெரியும். எழுவாய்தான் தெரியாது. அதை மட்டும் பிடியுங்கள்.

ஸ்பெண்ட்: எழுவாய் ஆள். பின்னால் பெயர்ச்சொல் வந்தால் 'ஆன்', வினை வந்தால் 'இங்' வடிவம். 'ஐ ஸ்பெண்ட் டூ அவர்ஸ் டு டூ' என்பதே மிகப் பரவலான பிழை.
காஸ்ட்: எழுவாய் பொருள். 'ஐ காஸ்ட்' என்று ஆளை முன்னால் வைக்கக் கூடாது.
பே: எழுவாய் ஆள், வாங்கிய பொருளுக்கு முன் 'ஃபார்'.
டேக்: எழுவாய் 'இட்', அல்லது அந்த வேலை.

'இட் டுக் மி டூ அவர்ஸ் டு ஃபினிஷ்'. இதில் ஐந்து பெட்டிகள்: இட், டுக், ஆள், நேரம், டு-வோடு வினை. ஆளுக்கு முன்னால் எந்த இடைச்சொல்லும் இல்லை. 'இட் டுக் டு மி', 'இட் டுக் ஃபார் மி' இரண்டும் வரும், இரண்டும் தப்பு. ஐந்து பெட்டி வரைந்து சொல்லை இழுத்துப் போடும் பயிற்சி நன்றாக வேலை செய்யும். இரண்டாம் பெட்டியைக் கடைசியில் நிரப்பச் சொல்லுங்கள். காலம் முழுவதும் அந்த ஒரு பெட்டியில்தான் இருக்கிறது: டேக்ஸ், டுக், வில் டேக், ஹேஸ் டேக்கன். சீன வினை காலத்துக்கு ஏற்ப வடிவம் மாறாது என்பதால் மற்ற நான்கையும் சரியாக நிரப்பிவிட்டு இதை மட்டும் 'டேக்' என்று வெறுமனே விடுவார்கள்.

'ஹோம்வொர்க் டுக் மி டூ அவர்ஸ்' சரி. 'ஐ டுக் டூ அவர்ஸ் டு ஃபினிஷ் இட்' என்பதும் ஆங்கிலத்தில் பிழை அல்ல, ஆனால் பள்ளிப் பயிற்சித் தாள்கள் 'இட்' வடிவத்தையே எதிர்பார்க்கும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை என்றால் 'இட்' வடிவத்தையே பழக்குங்கள், மற்றதைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டாம்.

கேள்வி வடிவத்துக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். 'எவ்வளவு நேரம் ஆகும்?' என்பதைச் சீனத்தில் 'எவ்வளவு நேரம் வேண்டும்?' என்ற அமைப்பில் கேட்பார்கள். 'ஹவ் லாங் நீட்?' அங்கிருந்து வருகிறது. 'ஹவ் லாங் டஸ் இட் டேக்?' என்ற தொடரை உடைக்காமல் ஒரே சொல் போலச் சொல்லிப் பழக்க வேண்டும். உடைத்தால் 'டிட் இட் டுக்' வரும்.

---

வாசல்படி

மூவருக்கும் மிக்க நன்றி. 'நீ கூடப் போனியா?' என்ற கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 'வகுப்பு எடுப்பது' கண்ணில் படவே இல்லை.

இரண்டு கேள்விகள் பாக்கி. 'டேக் பிளேஸ்' என்பதை 'வாஸ் டேக்கன் பிளேஸ்' என்றே எழுதுகிறார்கள், ஏன்? 'டேக் எ லுக்', 'டேக் யுவர் டைம்', 'இஸ் திஸ் சீட் டேக்கன்' போன்றவற்றை எங்கே சேர்ப்பது? இவற்றில் 'எடுப்பது' எதுவுமே இல்லையே என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் சொல்ல முடியாது.

---

நீரோடை

'எடுப்பது எதுவுமே இல்லையே'ன்னு கேட்கிற பிள்ளைக்கு அதோட சொந்த மொழியிலயே பதில் இருக்கு. சீனத்துல 'தா'ன்னு ஒரு வினை. ஒலி நம்ம 'தா' மாதிரி, பொருள் 'அடி'. அதுக்கு அகராதியில பக்கம் பக்கமாப் பொருள். போன் பண்றது 'தா தியன்ஹுவா', அதாவது போன் அடி. டைப் அடிக்கிறது 'தா த்ஸ்', எழுத்து அடி. மேளத்துக்கும் தா, இரும்பை உலையில அடிக்கிறதுக்கும் தா, குழாயில தண்ணி பிடிச்சுட்டு வர்றதுக்கும் தா. அச்சடிக்கிறது 'தாயின்': தா அடி, யின் முத்திரை. நம்ம 'அச்சு அடி'யேதான்! இவ்வளவு தூரத்துல இருக்கிற ரெண்டு மொழி ஒரே வினையை இப்படி ஒரே மாதிரி நீட்டி வெச்சிருக்கறதைப் பார்த்தா உண்மையிலேயே மனசு நிறையும். எல்லாமே ஒத்துப்போகும்னு சொல்லலை. ஊசிக்கு அவங்க 'தா', நாம போடு. குடைக்கும் அவங்க 'தா', நாம பிடி. டாக்ஸியில போறதும் அவங்களுக்கு 'தாச்ச', வண்டி அடி.

பாடத்துல முதல் 5 நிமிஷம் இதுக்கு. 'நீ போனை அடிச்சியா, அதுக்கு வலிச்சுதா?'ன்னு கேளுங்க. பிள்ளை சிரிக்கும். 'தா'வோட பொருள் அடிக்கிற கையில இல்லை, பின்னாடி வர்ற பெயர்ச்சொல்லுல இருக்குன்னு அதுவே சொல்லும். அப்ப 'டேக்'கும் அப்படித்தான்னு சொன்னா வாதமே வராது.

'டேக் எ லுக்' வகைக்குச் சீனத்துல நேர் வடிவம் இருக்கு. வினையை ரெட்டிச்சு நடுவுல 'யி', அதாவது ஒண்ணு, சேர்ப்பாங்க: 'கான் யி கான்', பார்-ஒண்ணு-பார். லேசா ஒரு தடவை பார்ங்கற பொருள். அந்த 'யி'தான் ஆங்கிலத்துல 'எ'. லுக், வாக், பிரேக், ரெஸ்ட் எல்லாம் இந்த வரிசையில போகும். 'ஹேவ் எ ரெஸ்ட்', 'ஹேவ் எ லுக்'னு எழுதினாலும் சரிதான், திருத்த வேண்டாம்.

'டேக் யுவர் டைம்'க்கு 'மான்மான் லாய்', மெல்ல மெல்ல வா. அட்டையில முழுத் தொடருக்கு முழுத் தொடர். உடைச்சு விளக்கினா 'உன் நேரத்தைக் கொண்டு போ'ன்னு புரிஞ்சுக்கும். 'இஸ் திஸ் சீட் டேக்கன்?'க்குச் சீனத்துல 'இங்கே ஆள் இருக்கா?', 'யோவ் ரென் மா'. நம்ம பஸ்ல கேட்கறதும் அதேதான். அதனால பிள்ளை 'இஸ் தேர் சம்ஒன் ஹியர்?'னு கேட்கும், காலி நாற்காலியைப் பார்த்து அப்படிக் கேட்டா எதிர்ல இருக்கறவர் முழிப்பார். பதிலும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்க: காலியா இருந்தா 'நோ', ஆள் இருந்தா 'யெஸ்'. 'உட்காரலாம்'ங்கற நினைப்புல 'யெஸ்'னு சொல்லிடறது சகஜம்.

---

செம்மண்

'வாஸ் டேக்கன் பிளேஸ்' பற்றி. பிள்ளை நினைப்பது தர்க்கப்படி சரி. விளையாட்டுப் போட்டி தானாக நடக்காது, யாரோ நடத்துகிறார்கள், ஆகவே செயப்பாட்டு வினை வேண்டும் என்று போடுகிறான். இதே காரணத்தால் 'வாஸ் ஹேப்பண்ட்' என்றும் எழுதுவான். விதி சொல்வதைவிட ஒரு ஜோடியாகக் கொடுங்கள். 'வாஸ் ஹெல்ட்' என்றால் நடத்தப்பட்டது. 'டுக் பிளேஸ்' என்றால் நடந்தது. சீனத்திலும் நடத்துவதற்கு 'ஜூஷிங்', நடப்பதற்கு 'ஃபாஷெங்' என்று இரண்டு தனி வினைகள் இருப்பதால் ஒப்பிட்டுக் காட்டலாம். ஒரே செய்தியை இரண்டு விதமாகவும் எழுத வைத்தால், எதில் 'வாஸ்' வரும் என்பது கைக்குப் பழகிவிடும்.

வரிசை கேட்டிருந்தீர்கள். ஒரு வாரத்துக்கு 4 தொடருக்கு மேல் வேண்டாம். பஸ், மருந்து, ஃபோட்டோ, ஷவர் முதலில், இவை கண்ணால் காட்டக்கூடியவை. பிறகு எக்ஸாம், கிளாஸ், நோட்ஸ். நோட்ஸுக்குச் சீன வினை 'ஜி', பதிவுசெய், நினைவில் வை என்று இரு பொருளும் உண்டு, அதனால் 'ரிமெம்பர் நோட்ஸ்' என்று ஒரு பிழை வரும். அதன் பிறகு 'இட் டேக்ஸ்' வடிவத்துக்கு மட்டும் தனியாக ஒரு வாரம். பிரிங், டேக், சென்ட் அடுத்தது. டேக் பார்ட் இன், டேக் பிளேஸ், டேக் கேர் ஆஃப் அதற்கும் பிறகு.

'ஆஃப்' (off), 'அவுட்', 'அப்', 'ஓவர்' சேரும் வினைகளைக் கடைசியில் வையுங்கள். ஒரே நாளில் பத்தை இறக்கினால் பத்தும் ஒன்றாகக் கலங்கிவிடும். 'டேக் ஆஃப்' ஒன்றிலேயே வேலை நிறைய இருக்கிறது. சட்டையைக் கழற்றினால் சீனத்தில் 'துவோ', விமானம் கிளம்பினால் 'ச்சீஃபெய்'. சட்டைக்குச் செயப்படுபொருள் உண்டு, விமானத்துக்கு இல்லை. 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்', 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' இரண்டும் சரி, ஆனால் ஷூஸுக்குப் பதில் 'தெம்' வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: 'டேக் தெம் ஆஃப்'. 'டேக் ஆஃப் தெம்' என்பது தப்பு. இந்த ஒரு விதி பிக் அப், புட் ஆன், டர்ன் ஆஃப் எல்லாவற்றுக்கும் செல்லும் என்பதால் இங்கே அரை மணி நேரம் செலவழித்தால் வீண் போகாது.

---

ஒலியன்

பொருள் பக்கம் எல்லாம் வந்துவிட்டது. உச்சரிப்பில் இரண்டு குறிப்பு. தமிழர் சொல்லிக் கொடுக்கும்போது கூடுதலாகும் சிக்கல் இது.

ஒன்று, கடைசி 'க்'. பொதுச் சீன மொழியில் அசை உயிரிலோ, ன், ங், ர் ஒலியிலோதான் முடியும். 'க்' என்று முடியும் அசையே இல்லை. பிள்ளை ஒன்று 'டே' என்று விழுங்கும், அல்லது 'டேக' என்று ஓர் உயிரை ஒட்டும். நாமும் பேச்சில் 'டேக்கு' என்று ஓர் உகரம் ஒட்டுவோம், பிள்ளை அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளும். அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். 'டே-கிட்', 'டே-கஃப்', 'டே-கவுட்'. 'டேக் இட்', 'டேக் ஆஃப்', 'டேக் அவுட்' என்பதில் 'க்' அடுத்த அசைக்குத் தாவிவிடுவதால் வாய்க்குச் சிரமம் இல்லை. தனிச் சொல்லாக 'டேக்' சொல்ல வைப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

இரண்டு, முதல் ஒலி. ஆங்கிலத்தில் இந்தச் சொல் தொடங்கும்போது ஒரு மூச்சு வெளியே வீசும். நாம் சொல்லும் 'ட'வில் அந்த மூச்சு இல்லை. சீனக் காது ஒலிகளைப் பிரிப்பதே அந்த மூச்சை வைத்துத்தான்: அவர்களுடைய ரோமன் எழுத்து முறையில் மூச்சு வந்தால் ஆங்கில அகரவரிசையின் இருபதாம் எழுத்து (T), வராவிட்டால் நான்காம் எழுத்து (D). ஆகவே நாம் இயல்பாகச் சொல்லும் 'டேக்' அவர்களுக்கு அந்த நான்காம் எழுத்தில் தொடங்குவது போலக் கேட்கும். சொல்வதை எழுதும் பயிற்சியில் பிள்ளை அந்த எழுத்தைப் போட்டால், பிழை பிள்ளையின் காதில் இல்லை.

ஒரு மெல்லிய தாளை உதட்டுக்கு முன்னால் நான்கு விரல் தூரத்தில் பிடித்துச் சொல்லிப் பாருங்கள். தாள் அசைய வேண்டும். 'டேக்', 'டுக்', 'டேக்கன்' மூன்றிலும் அசைய வேண்டும். 'ஸ்டேக்' என்ற சொல்லில் முன்னால் 'ஸ்' இருப்பதால் அசையக் கூடாது. கேமராவுக்கு முன் இதைச் செய்து காட்டினால் பிள்ளைகளும் தாள் எடுத்துக்கொண்டு வந்து செய்வார்கள்.